பேட் பேசவில்லை என்றால் முதலில் எங்கே கை வைப்பது? விலை குறைந்த எலெக்ட்ரானிக் டிரம் செட்டுக்கான பிழை நீக்கும் வழிமுறை

போன மழைக்காலத்தில் மும்பை சயான் கோலிவாடாவிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணா, கிட் செத்துப்போச்சு. ஸ்நேர், ரெண்டு டாம், ரைடு எதுவும் வரல. அப்பா வித்துடலாம்னு சொல்றாரு." ஸ்நேரும் டாமும் டிரம் வகை, ரைடு ஒரு சிம்பல் தட்டு. போய்ப் பார்த்தேன். ஒலி தரும் பெட்டியான மாட்யூலின் பின்னால் செருகியிருந்த அகலமான கேபிள் ஒரு பக்கம் நூலளவு வெளியே வந்திருந்தது. உள்ளே தள்ளி, இரண்டு பக்கத் திருகையும் முடுக்கினேன். எல்லா பேடும் பேச ஆரம்பித்துவிட்டன. இரண்டு நிமிட வேலை. ஆனால் அதற்குள் அந்த கிட்டுக்கு விலை பேசி முடித்திருந்தார்கள்.

இப்படிப் பல கிட்களைப் பார்த்துவிட்டேன். செம்பூரிலும் தாராவியிலும் மாட்டுங்காவிலும் நம் பிள்ளைகள் ஆசையாக வாங்குகிற செட் ஒரு வருடத்தில் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. பெரும்பாலும் கிட் கெட்டுப்போயிருக்காது. எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆள் இருக்காது, அவ்வளவுதான். பல வருடம் லைட் மியூசிக் மேடையில் பேட் வாசித்து, இப்போது வீட்டில் எலெக்ட்ரானிக் செட்டோடு இருக்கிறவன் என்ற முறையில், அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழியை இங்கே எழுதுகிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்

பேடுக்கு அடியில், ஒரு பித்தளைத் தகட்டின் மேல் ஒட்டிய வெள்ளைப் பீங்கான் வில்லை இருக்கும். அதுதான் பீசோ. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் குணம் சில படிகங்களுக்கு உண்டு என்பதை கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டார்கள். அந்தக் குணத்தை நம்பித்தான் மொத்தக் கிட்டும் நிற்கிறது. குச்சி விழுந்ததும் வில்லை ஒரு மின்துடிப்பைக் கேபிளில் அனுப்பும். மாட்யூல் அதன் உயரத்தை அளந்து 1 முதல் 127 வரை ஒரு எண் கொடுக்கும். அந்த எண்ணுக்குப் பொருத்தமான ஒலியை எடுத்து ஹெட்போனுக்குத் தரும். ரோலண்ட் கம்பெனி 1985இல் எட்டு பேட் உள்ள பெட்டியான முதல் ஆக்டோபேடைக் கொண்டுவந்தது. அதை மேடையில் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை: ரப்பரில் அடி, கம்பியில் சேதி, பெட்டியில் ஒலி.

ஆகவே கோளாறு இருக்கக்கூடிய இடம் நான்கு: பேட், கேபிள், மாட்யூல், ஹெட்போன். மெனுவைத் திறந்து எண்களைக் கலைப்பதற்கு முன், எந்த இடம் என்று கண்டுபிடித்துவிடுங்கள். அதற்கு மீட்டர் தேவையில்லை, இடம் மாற்றிப் பார்த்தால் போதும். ஸ்நேர் வரவில்லையா? நன்றாக வேலை செய்யும் டாமின் பிளக்கைக் கழற்றி ஸ்நேரில் செருகி அடியுங்கள். டாம் ஒலி வந்தால் பேட் நல்லாயிருக்கிறது, கேபிள் அல்லது மாட்யூல் பக்கம் தேட வேண்டும். வரவில்லை என்றால் பேடில்தான் சிக்கல். கோளாறு பேடோடு போகிறதா, கேபிளோடு நிற்கிறதா என்ற இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும்.

மெனுவைத் தொடத்தான் வேண்டும் என்றால், முதலில் இருக்கும் எண்களை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

செட் ஆன் ஆகவே இல்லை, அல்லது நடுவில் அணைந்து எழுகிறது

அடாப்டரைப் பாருங்கள். வீட்டில் பழைய ரவுட்டர் அடாப்டர், கீபோர்டு அடாப்டர் என்று பல கிடக்கும், பின்னும் பொருந்திவிடும். பொருந்துகிறது என்பதால் சரியானது என்று அர்த்தமில்லை. வோல்ட் அப்படியே ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் கேட்டதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. மூன்றாவதாக, மாட்யூலிலும் அடாப்டரிலும் அச்சடித்திருக்கும் சின்ன வட்டப் படத்தைப் பாருங்கள். நடுப்புள்ளி கூட்டல் குறியோடு சேர்ந்திருக்கிறதா, கழித்தல் குறியோடா என்பது இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். தலைகீழான அடாப்டரைச் செருகினால் மாட்யூலே போய்விடக்கூடும். இந்த ஒன்றில் மட்டும் "போட்டுத்தான் பார்ப்போமே" என்று இறங்காதீர்கள்.

அணைந்து அணைந்து எழுந்தால், அடாப்டர் கம்பி பிளக்கோடு சேரும் கழுத்தை லேசாக அசைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் உள்ளே கம்பி ஒடிந்திருக்கும்.

ஒரு பேட் மட்டும் ஊமையாகிவிட்டது

மேலே சொன்னபடி இடம் மாற்றிப் பார்த்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம்.

கோளாறு கேபிளோடு நின்றால், பிளக்கைப் பத்து முறை செருகி எடுங்கள். மும்பையில் இது சாதாரண ஆலோசனை இல்லை. கடல் காற்றும் ஜூன் முதல் செப்டம்பர் வரை வீட்டுக்குள்ளேயே நிற்கும் ஈரமும் பிளக்கின் மேல் மெல்லிய படலத்தை உண்டாக்கிவிடுகின்றன. பித்தளையாக இருந்தால் பச்சை பூத்ததே கண்ணுக்குத் தெரியும். பேட் எழுப்பும் துடிப்பு மிகச் சிறியது, அந்தப் படலத்தைத் தாண்ட அதற்குத் தெம்பில்லை. செருகி எடுக்கும்போது உராய்வில் படலம் கொஞ்சம் விலகும். அதோடு நிற்காமல், காண்டாக்ட் கிளீனரை ஒரு துணியில் அடித்து பிளக்கைத் துடையுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் சரி. மாட்யூலின் துளைக்குள் நேராக ஸ்ப்ரே அடிக்காதீர்கள். மாட்யூலை அணைத்துவிட்டு, பிளக்கை நனைத்துச் செருகி எடுத்தாலே உள்ளேயும் துடைபடும். கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் லேமிங்டன் ரோடு. அங்கே கிளீனரும் கேபிளும் பிளக்கும் பீசோவும் ஒரே தெருவில் வாங்கிவிடலாம்.

கோளாறு பேடோடு போனால் பேடைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முதலில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, பேடின் துளையில் பழுதில்லாத ஒரு கேபிளைச் செருகி, மறுமுனைப் பிளக்கின் நுனியிலும் உடலிலும் மீட்டர் முனைகளை வையுங்கள். பேடைத் தட்டினால் எண் துள்ள வேண்டும். துள்ளவே இல்லை என்றால் உள்ளே ஒயர் விட்டிருக்கும் அல்லது பீங்கான் விரிசல் விட்டிருக்கும். பீசோவை ஓம் அளவில் சோதித்து "திறந்திருக்கிறது, ஆகவே போய்விட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். அது ஒரு கெப்பாசிட்டர் போன்றது, நன்றாக இருக்கும்போதும் அப்படித்தான் காட்டும்.

ஒயர் விட்டிருந்தால் பற்றவைக்கலாம். சிவப்பு ஒயர் நடுவில் உள்ள வெள்ளைப் பகுதிக்கு, கறுப்பு பித்தளை விளிம்புக்கு. வெள்ளைப் பகுதியின் மேல் இருப்பது மெல்லிய வெள்ளிப் பூச்சு. பற்றவைக்கும் இரும்பை ஓரிரு விநாடிக்கு மேல் வைத்தால் பூச்சு பெயர்ந்துவிடக்கூடும், பிறகு எதுவும் ஒட்டாது. கை பழகாதவர்கள், ஒயர் ஏற்கனவே பற்றவைத்து வரும் 27 மில்லிமீட்டர் பீசோவை வாங்கி, அதன் ஒயரோடு ஒயரைச் சேர்த்துவிடுவது நல்லது. விலை சில பத்து ரூபாய்தான். பழையதன் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். பழையது எந்தப் பஞ்சு டேப்பில், எந்த உயரத்தில் ஒட்டியிருந்ததோ அதே மாதிரி ஒட்டுங்கள். கெட்டியான பசையில் நேராக ஒட்டினால் வேறு குணம் காட்டும்.

நாலைந்து பேட் ஒரே நேரத்தில் போய்விட்டன

தனித்தனியாகத் தேடாதீர்கள். நாலைந்து பீசோ ஒரே இரவில் சாகாது. விலை குறைந்த பல செட்களில் எல்லாப் பேடின் ஒயரும் ஒரே கட்டாக வந்து, 25 பின் உள்ள ஒரு கனெக்டரில் முடியும். அது சாய்ந்தாலோ, திருகு முடுக்காமல் விட்டாலோ, ஒரு பின் வளைந்தாலோ இப்படித்தான் கூட்டமாகப் போகும். கழற்றி, நல்ல வெளிச்சத்தில் பின்களைப் பாருங்கள். வளைந்த பின்னை மெல்லிய ட்வீசரால் ஒரே முறையில் நிமிர்த்துங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் ஒடிந்துவிடும், அப்புறம் முழுக் கட்டையும் மாற்ற வேண்டிவரும்.

டாமை அடித்தால் கிராஷ் சிம்பலின் ஒலி வருகிறதென்றால் அது பழுதே இல்லை. கட்டிலிருந்து பிரியும் கிளைகளில் பெயர் அச்சடித்த டேப் இருக்கும், வீடு மாறும்போது இரண்டு கிளைகள் இடம் மாறியிருக்கும். அந்த டேப் உரிந்துபோவதற்குள் உங்கள் கையால் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஒரு அடிக்கு இரண்டு சத்தம்

இதற்குத்தான் மக்கள் மிக அதிகமாக மெனுவைக் குடைகிறார்கள். மிகக் குறைவாகப் பார்ப்பது பேடை.

காலால் மிதித்து வாசிக்கும் கிக்கில் வந்தால் முதலில் உங்கள் காலைக் கவனியுங்கள். பெடலின் சுத்தியான பீட்டர் பேடைத் தொட்டதும் திரும்பி வருகிறதா, அழுத்திப் பிடிக்கிறீர்களா? அழுத்திப் பிடிக்கும்போது பீட்டர் நடுங்கி இரண்டாவது முறை தொடும், பீசோ அதையும் உண்மையாகவே சொல்லும். பெடலின் ஸ்பிரிங்கைச் சற்று இறுக்குங்கள். பெடல் தரையில் நகர்கிறதா பாருங்கள், மொசைக் தரையில் கட்டாயம் நகரும். அடியில் ஒரு ரப்பர் பாய் போட்டதும் பாதிப் பேருக்கு இரட்டைச் சத்தம் நின்றுவிடும்.

வலைத் தோல் போட்ட மெஷ் பேடில் வந்தால் தோல் தளர்ந்திருக்கிறது. தளர்ந்த வலையில் குச்சி விழுந்ததும் வலை வெகுநேரம் ஆடுகிறது, ஒவ்வொரு ஆட்டமும் ஒரு அடியாகத் தெரிகிறது. டிரம் சாவியால் எதிரெதிர் திருகாகக் கால் சுற்றுக் கால் சுற்றாக முடுக்குங்கள். ஒரே பக்கமாகச் சுற்றி வந்தால் வலை கோணிக்கொள்ளும். மிருதங்கத்தில் வார் தட்டுகிறவர்கள் வலந்தலையைச் சுற்றி எல்லாக் கண்ணும் ஒரே சுதி பேசுகிறதா என்று பார்ப்பார்களே, அதே பொறுமை இங்கேயும் வேண்டும். விரலால் ஒவ்வொரு திருகின் அருகிலும் அழுத்தினால் ஒரே எதிர்ப்பு தெரிய வேண்டும்.

இவ்வளவும் செய்தும் இருந்தால் மெனுவுக்குப் போகலாம். ரீட்ரிகர் கேன்சல் அல்லது மாஸ்க் டைம் என்று இருக்கும். ஒரு அடிக்குப் பிறகு எத்தனை மில்லி விநாடிக்கு மாட்யூல் காதை மூடிக்கொள்ள வேண்டும் என்பதே அந்த எண். மெதுவாக ஏற்றுங்கள், ஒவ்வொரு படிக்கும் ஒரு ரோல் வாசியுங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் "தகதிமி" என்று ஒரு தட்டுக்கு நாலு வைத்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் இடையில் 125 மில்லி விநாடி இருக்கிறது. அதனால் 10, 15 மில்லி விநாடி மூடிக்கொண்டாலும் அந்த வாசிப்பு பாதிக்கப்படாது. ஆனால் குச்சியை அழுத்தி உருட்டும் பஸ் ரோலில் அடிகள் மிக நெருங்கி விழும், எண் கூடினால் அவை விழுங்கப்படும். ரோல் நொண்டத் தொடங்கினால் ஒரு படி இறங்கி நின்றுவிடுங்கள்.

ஸ்நேரை அடித்தால் டாமும் சேர்ந்து பேசுகிறது

பேடுகளைத் தாங்கும் ராக்கின் கம்பி வழியாக அதிர்வு நடந்து போகிறது. நம் வீடுகளில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் உள்ள நாலடிக்குள் ராக்கை நெருக்கி வைப்போம், ராக்கின் ஒரு கால் அலமாரியைத் தொட்டுக்கொண்டிருக்கும். தொடுகிற எல்லாம் அதிர்வைத் திருப்பி அனுப்பும். ராக்கை எதிலும் படாமல் தனியாக நிறுத்துங்கள், கிளாம்புகளை எல்லாம் ஒரு சுற்று முடுக்குங்கள். ஸ்நேரைத் தனி ஸ்டாண்டில் வைக்க வழி இருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு அடங்கிவிடும்.

பிறகு, தானாகப் பேசும் அந்த டாமின் சென்சிட்டிவிட்டியை, அதாவது அடியை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறது என்ற எண்ணை, கொஞ்சம் குறைத்து, த்ரெஷோல்டை ஒரு படி ஏற்றுங்கள். இந்த அளவுக்குக் கீழே வருவதைக் கேட்காதே என்று சொல்வதுதான் த்ரெஷோல்ட். ஒரு பேட் அடிபடும்போது மற்றதை அடக்கும் கிராஸ்டாக் எண்ணைக் கடைசியாகத் தொடுங்கள். அதைக் கூட்டிவிட்டால் ஸ்நேரும் டாமும் உண்மையிலேயே சேர்த்து அடிக்கும்போது ஒன்று காணாமல் போகும்.

மெல்ல அடித்தால் வரவில்லை, அல்லது எப்படி அடித்தாலும் ஒரே சத்தம்

இரண்டும் ஒரே நோயின் இரு முனைகள். ஒரு பேடில் நாலு அடி வையுங்கள்: விரலால் தொடுகிற அளவு, பேச்சுக் குரல் அளவு, பாட்டுக் குரல் அளவு, கூப்பிடும் அளவு. நாலும் நாலாகக் கேட்க வேண்டும். மாட்யூல் திரையிலோ கணினியிலோ எண் தெரிந்தால் இன்னும் நல்லது. மூன்றாவது அடியே 127ஐத் தொட்டுவிட்டால் சென்சிட்டிவிட்டி மிகுதி. நாலாவது அடி 90ஐத் தாண்டவில்லை என்றால் குறைவு. முதல் அடி கேட்கவே இல்லை என்றால் த்ரெஷோல்டை இறக்குங்கள்.

அடுத்தது கர்வ், அதாவது அடியின் வேகம் எவ்வளவு சத்தமாக மாறுகிறது என்ற வளைவு. கை எடை குறைந்த பிள்ளைகளுக்கு, மெல்லிய அடியையும் தூக்கிக் காட்டும் வளைவை வையுங்கள். அவர்கள் சத்தம் வரவில்லையே என்று ஓங்கி ஓங்கி அடித்து மணிக்கட்டைக் கெடுத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். எண் ஒன்றை மாற்றினால் போகிற தொல்லைக்குப் பிள்ளை கைவலி சுமக்கக் கூடாது.

மெஷ் பேடின் நடுவில் மட்டும் வெடிக்கிறது, ஓரத்தில் முனகுகிறது என்றால், பேடுக்குள் நடுவில் நிற்கும் பஞ்சுக் கூம்பின் வேலை அது. அதன் தலைக்கு நேர் மேலே அடித்தால் துடிப்பு அதிகம். நடுவிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி அடிக்கப் பழகலாம். ஆனால் திடீரென்று முழு பேடும் வலுவிழந்திருந்தால் கூம்பு அமுங்கி, வலையைத் தொடாமல் நிற்கிறது என்று பொருள். வலையைக் கழற்றிக் கூம்புக்கு அடியில் மெல்லிய பஞ்சு ஒன்று வைத்து, அது வலையை லேசாகத் தாங்கும்படி உயர்த்துங்கள்.

விளிம்பு பேசவில்லை, சிம்பலைப் பிடித்தால் நிற்கவில்லை

முதலில் உங்கள் செட்டுக்கு அந்த வசதி உண்டா என்று கையேட்டைப் பாருங்கள். விலை குறைந்த செட்களில் ஸ்நேருக்கு மட்டும் நடு, விளிம்பு என்று இரண்டு மண்டலம், டாம்களுக்கு ஒன்றே என்பது சாதாரணம். ஒரு கிராஷை மட்டும் பிடித்து நிறுத்த முடியும், ரைடை முடியாது என்பதும் உண்டு. வசதி இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். இரண்டு மண்டலத்துக்கு ஸ்டீரியோ பிளக் வேண்டும், அதில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்கும். ஒரு வளையம் உள்ள மோனோ கேபிளைப் போட்டால் நடு பேசும், விளிம்பு பேசாது.

சிம்பல் என்றால் இன்னொன்று: அடிக்க அடிக்கத் திரும்பிப் போயிருக்கும். பல சிம்பல் பேடுகளில் உங்கள் பக்கத்து விளிம்பில் மட்டும்தான் சென்சார் இருக்கிறது. திரும்பிய சிம்பலைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, சுழலாமல் தடுக்கும் சின்ன ரப்பர் துண்டை மறுபடி பொருத்துங்கள்.

ஹை-ஹேட் மூடுவதே இல்லை

ஹை-ஹேட் என்பது காலால் திறந்து மூடும் சிம்பல் ஜோடி. செட்டை ஆன் செய்யும்போது பெடலில் கால் வைத்திருந்தீர்களா? பல மாட்யூல்கள் ஆன் ஆகும் தருணத்தில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே திறந்த நிலை என்று எடுத்துக்கொள்ளும். அணைத்து, காலை எடுத்துவிட்டு, எந்த பேடையும் தொடாமல் மறுபடி ஆன் செய்யுங்கள். கேலிபரேஷன் மெனு இருந்தால் அதில் முழுதாகத் திறந்தும் முழுதாக மூடியும் காட்டுங்கள்.

அதிலும் சரியாகவில்லை என்றால் பெடலின் அடிப்பகுதியைத் திறந்து தூசி தட்டுங்கள். வேறு கம்பெனியின் பெடலை வாங்கி மாட்டுவதற்கு முன் விசாரியுங்கள். சில பெடல் வெறும் சுவிட்ச், சில மின்தடை மாறும் வகை, பிளக் ஒன்றாக இருந்தாலும் மொழி வேறு. பெடல் கீல் கிரீச்சிட்டால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், அது பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

அடித்த பிறகு சற்றுத் தாமதமாக வருகிறது

ஹெட்போன் புளூடூத்தா? அதுதான் காரணம், வேறு எதையும் தேட வேண்டாம். பாட்டுக் கேட்க அது போதும், வாசிக்க ஆகாது. ஒயர் உள்ள ஹெட்போனை மாட்யூலில் நேராகச் செருகுங்கள்.

ஒயர் ஹெட்போனிலேயே தாமதம் என்றால் நீங்கள் கணினியில் உள்ள டிரம் மென்பொருளின் ஒலியைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். மென்பொருளில் பஃபர் என்ற எண்ணைப் பாருங்கள். விநாடிக்கு 44,100 மாதிரி என்ற கணக்கில் பஃபர் 128 என்றால் ஏறக்குறைய 3 மில்லி விநாடி, 512 என்றால் ஏறக்குறைய 12, 1024 என்றால் 23. ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்க 3 மில்லி விநாடி ஆகும். அதாவது 12 என்பது நாலு மீட்டர் தள்ளி நிற்கும் டிரம்மைக் கேட்பது போல. கை அதற்குப் பழகிவிடும். 23க்கு மேல் போனால் கை தடுமாறும். விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் ஏஸியோ (ASIO) டிரைவர் போட்டு 128 அல்லது 256இல் வையுங்கள். சத்தம் வெடித்து வெடித்து வந்தால் ஒரு படி ஏற்றுங்கள்.

கணினியோடு சேர்த்ததும் ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கிறதென்றால், மாட்யூலும் மென்பொருளும் சேர்ந்து பேசுகின்றன. மாட்யூலின் சொந்த ஒலியை நிறுத்தும் லோக்கல் ஆஃப் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் மென்பொருள் ஒலியை மட்டும் கேளுங்கள். ஸ்நேர் அடித்தால் மணி ஒலிக்கிறது போன்ற குழப்பத்துக்கு, எந்த ஒலி என்று மாட்யூல் கணினிக்குச் சொல்லும் மிடி (MIDI) எண்களைப் பாருங்கள். பொது வழக்கப்படி கிக் 36, ஸ்நேர் 38, மூடிய ஹை-ஹேட் 42, திறந்தது 46, கிராஷ் 49, ரைடு 51. சேனல் 10.

ஹெட்போனில் "ம்ம்" என்ற இரைச்சல்

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் தரையிணைப்பில் சுற்று விழுந்திருக்கிறது. லேப்டாப், மாட்யூல், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில், மூன்று பின் பிளக்கோடு செருகுங்கள். மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டு இரைச்சலைப் போக்கும் வழக்கத்தைச் சிலர் சொல்லித் தருவார்கள். தயவுசெய்து வேண்டாம், அந்தப் பின் உங்கள் உயிருக்கான காவல். ஒரு காதில் மட்டும் கேட்டால் பெரிய துளைக்கான மாற்றுப் பிளக் முழுதாக உள்ளே போகவில்லை அல்லது அது மோனோ.

மழைக்கு முன் செய்ய வேண்டியது

மே கடைசி வாரத்தில் எல்லாப் பிளக்கையும் ஒரு முறை துடைத்துச் செருகிவிடுங்கள். செட்டை பிளாஸ்டிக் தாளால் மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய பருத்தி வேட்டியோ புடவையோ நல்லது. மாட்யூலைச் சுற்றி நாலு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். மெஷ் திருகுகளில் ஒரு துளி வாசலின் தடவினால் துரு ஏறாது. மரநுனிக் குச்சி சிராய் விட்டால் மெஷ் இழை அறுபடும். நைலான் நுனிக் குச்சிக்கு மாறிவிடுங்கள்.

கீழ்வீட்டுக்காரர் மேலே வருகிறார்

இதைக் கோளாறு என்று கையேட்டில் எழுத மாட்டார்கள். ஆனால் மும்பையில் செட்கள் ஓய்வது பெரும்பாலும் இதனால்தான். "ஹெட்போன்ல தானே வாசிக்கிறேன், அவங்களுக்கு எப்படி கேக்கும்?" என்று கேட்பார்கள். காற்று வழியாகப் போகும் சத்தம் குறைவுதான். கிக் பெடலின் ஒவ்வொரு மிதியும் தரை வழியாகக் கீழ்வீட்டுக் கூரையில் இறங்குகிறது. அவர்களுக்கு அது யாரோ தலைக்கு மேல் உரல் இடிப்பது போல. அவர்கள் மிகைப்படுத்தவில்லை.

பாய், கார்ப்பெட், பஞ்சு மெத்தை எல்லாம் மேல் சத்தத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். மிதியின் தாழ்ந்த அதிர்வை அவை நிறுத்தாது. அதை நிறுத்த மொத்தச் செட்டும் தரையைத் தொடாமல் மிதக்க வேண்டும். டென்னிஸ் பந்து மேடை அதற்குத்தான். செட்டும் ஸ்டூலும் சேர்ந்து நிற்கும் அளவுக்கு இரண்டு 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை. மேல் பலகையின் அடிப்பக்கம் இன்னொரு மெல்லிய பலகையை ஒட்டி, அதில் 5 சென்டிமீட்டர் துளைகள் போட்டால் பந்துகள் உருளாமல் உட்காரும். 25 முதல் 30 பந்து வேண்டும். ஸ்டூலுக்கு அடியிலும் கிக்குக்கு அடியிலும் நெருக்கமாக வையுங்கள், எடை அங்கேதான் இறங்குகிறது. நம் ஊர்ப் பையன்கள் கிரிக்கெட் ஆடும் கனத்த பந்து இதற்கு ஆகாது. சாதாரண மிருதுவான டென்னிஸ் பந்துதான் வேண்டும், பழையதானாலும் பரவாயில்லை. நீங்கள் உட்கார்ந்ததும் பந்து லேசாக அமுங்க வேண்டும், நசுங்கக் கூடாது. நசுங்கினால் இன்னும் சில பந்துகளைச் சேருங்கள். மேடை சுவரைத் தொடக் கூடாது, ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

சட்டப்படி ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையை இரவு என்கின்றன. நான் மாலை 7 முதல் 8 வரை என்று சொசைட்டியிலேயே சொல்லி வைத்திருக்கிறேன். மேடை செய்த அன்று, வாசிக்கத் தெரிந்த ஒருவரை மேலே உட்காரவைத்து, ஒரு டப்பா முறுக்கோடு கீழ்வீட்டுக்குப் போனேன். "காக்கி (மராத்தியில் சித்தி), ஐந்து நிமிடம் உங்கள் ஹாலில் நின்று கேட்கலாமா?" என்று கேட்டேன். அவரும் கூடவே நின்றார். ஃபேன் சத்தத்துக்கு அடியில் கிக் மட்டும் தூரத்தில் யாரோ நடப்பது போலக் கேட்டது. மேலே வந்து ஸ்டூலுக்கு அடியில் இன்னும் நாலு பந்து சேர்த்தோம். இரண்டாவது முறை இறங்கிப் போய்க் கேட்டபோது ஃபேன் மட்டும்தான் கேட்டது.